முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்: ஃபோட்டோரிஃப்ராக்டிவ் படிகங்களுக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நேரிலா ஒளியியலில் இரண்டு ஆய்வுக் கட்டுரைகளை அடுத்தடுத்துப் படிக்கும் புதியவருக்குத் தலை சுற்றத்தான் செய்யும். ஒரு பொருளின் ஒளிவிலகல் எண்ணை இம்மியளவு நகர்த்தவே சதுர சென்டிமீட்டருக்குப் பல கிகாவாட் ஒளி வேண்டும் என்கிறது ஒன்று. சில மில்லிவாட் லேசரை வைத்தே அதே மாற்றத்தை உண்டாக்கிக் காட்டுகிறது மற்றொன்று. இரண்டிலும் பிழையில்லை. முதல் கட்டுரை பேசுவது ஒளி இருக்கும் கணத்தில் மட்டும் நிகழ்ந்து மறையும் வினையை. இரண்டாவது பேசுவது சிறுகச் சிறுகச் சேர்ந்து வளரும் வினையை. ஒளி மின்னூட்டங்களை நகர்த்தி, அதன் வழியாக ஒளிவிலகல் எண்ணை மாற்றும் இந்த வினைதான் ஃபோட்டோரிஃப்ராக்டிவ் விளைவு.

ஆகவே இந்தத் துறையில் எந்தக் கட்டுரையைத் திறந்தாலும், எத்தனை வாட் என்று தேடுவதற்கு முன் எவ்வளவு நேரம் என்று தேடுங்கள். கீழே வரும் படிகள் எல்லாம் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் போகின்றன. இளநிலை இயற்பியல் அளவுக்கு அலை ஒளியியலும் மின்புலமும் தெரிந்திருந்தால் போதும்.

படி 1: இரண்டு குடும்பங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

முதல் குடும்பத்தில், ஒளியின் மின்புலம் அணுக்களில் பிணைந்துள்ள எலக்ட்ரான்களை நேரடியாக ஆட்டுகிறது. ஆட்டம் பெரிதாகும்போது அது புலத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதில்லை. புதிய அதிர்வெண்கள் பிறக்கின்றன. 1961-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ஃபிராங்கனும் அவருடைய குழுவினரும் ரூபி லேசரின் 694.3 நானோமீட்டர் சிவப்பு ஒளியைக் குவார்ட்ஸ் படிகத்தில் செலுத்தி, அதன் சரிபாதி அலைநீளத்தில் புற ஊதா ஒளியைப் பெற்றார்கள். புகைப்படத் தட்டில் அது மிகச் சிறிய புள்ளியாக விழுந்தது. கட்டுரை அச்சானபோது அந்தப் புள்ளியையே அழுக்கு என்று நினைத்து நீக்கிவிட்டார்கள் என்பது இத்துறையில் எல்லோரும் சொல்லிச் சிரிக்கும் கதை.

இரண்டாவது குடும்பம் 1966-இல் பெல் ஆய்வகத்தில் தொல்லையாகத்தான் தலைகாட்டியது. ஆர்தர் ஆஷ்கினும் உடன் பணியாற்றியவர்களும் லித்தியம் நையோபேட், லித்தியம் டான்டலேட் படிகங்களில் லேசரைச் செலுத்தியபோது, கற்றை நேரம் ஆக ஆக உருக்குலைந்து சிதறியது. 'ஒளிச் சேதம்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். உண்மையில் படிகத்துக்கு எந்தச் சேதமும் இல்லை. சூடேற்றினால் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. பின்னாளில் ஒளியிடுக்கிக்காக (ஒளியால் நுண்பொருள்களைப் பிடிக்கும் கருவி) 2018-இன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் இதே ஆஷ்கின்தான்.

இரண்டு குடும்பங்களுக்கும் உள்ள தூரத்தை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். ஒளிவிலகல் எண்ணை ஒரு லட்சத்தில் ஒரு பங்கு (0.00001) மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உருகிய சிலிக்காவில் கெர் விளைவை (ஒளியின் செறிவே ஒளிவிலகல் எண்ணை உடனுக்குடன் மாற்றும் முதல் குடும்ப விளைவு) நம்பினால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 40 கிகாவாட் தேவை. இரும்பு கலந்த லித்தியம் நையோபேட்டிலோ, உள்ளே மில்லிமீட்டருக்கு 60 வோல்ட் அளவில் ஒரு மின்புலம் உருவானாலே அந்த மாற்றம் கிடைத்துவிடும். அந்தப் புலத்தை மில்லிவாட் லேசர் உருவாக்கித் தரும். கொஞ்சம் பொறுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

படி 2: உள்ளே நடப்பதை வரிசையாக மனத்தில் நிறுத்துங்கள்

ஓரியல் ஒளிக்கற்றைகள் இரண்டு படிகத்துக்குள் சந்தித்துக் குறுக்கீட்டுப் பட்டைகளை உண்டாக்குகின்றன. பொலிவான பட்டையில் உள்ள மாசு அணுக்கள் எலக்ட்ரான்களை விடுவிக்கின்றன. வெயிலில் நிற்பவர் நிழல் தேடி ஒதுங்குவதுபோல் அந்த எலக்ட்ரான்கள் நகர்ந்து நகர்ந்து, இருண்ட பட்டையில் எலக்ட்ரானை ஏற்க இடமுள்ள மாசு அணுக்களில் சிக்கிக்கொள்கின்றன. பொலிவான இடம் நேர்மின்னூட்டத்தோடும் இருண்ட இடம் எதிர்மின்னூட்டத்தோடும் நிற்க, நடுவே ஒரு மின்புலம் எழுகிறது. அந்தப் புலம் பாக்கெல்ஸ் விளைவு வழியாக ஒளிவிலகல் எண்ணை மாற்றுகிறது. முடிவில், ஒளியின் பட்டை வரிசையே படிகத்துக்குள் ஒரு கீற்றணியாகப் பதிந்துவிடுகிறது.

இதில் இரண்டு செய்திகளை அழுத்தமாகக் குறித்துக்கொள்ளுங்கள். எலக்ட்ரான்கள் நகர மூன்று காரணங்கள் உண்டு: விரவல் (செறிந்த இடத்திலிருந்து தானாகப் பரவுதல்), வெளியிலிருந்து தரும் மின்புலம், சில படிகங்களுக்கே உரிய ஒளிமின்னோட்டம் (ஒளி பட்டாலே படிக அச்சின் திசையில் ஓடும் மின்னோட்டம்). விரவல் மட்டும் வேலை செய்தால், கீற்றணி ஒளிப் பட்டைகளிலிருந்து சரியாகக் கால் பட்டை தள்ளி அமையும். இந்தத் தள்ளல்தான் ஒரு கற்றையின் ஆற்றலை மற்றொன்றுக்கு மாற்றிக் கொடுக்கிறது. பேரியம் டைட்டனேட்டில் அப்படித்தான் மங்கலான கற்றை, வலுவான கற்றையிடமிருந்து ஆற்றலை வாங்கிப் பொலிவடைகிறது.

மற்றொன்று, புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது. இருட்டில் இருக்கும் கடத்துதிறனைவிட ஒளியால் வரும் கடத்துதிறன் ஓங்கியிருக்கும் வரை, இறுதியில் நிலைபெறும் மின்புலம் மொத்தச் செறிவைச் சார்ந்திருப்பதில்லை. இரு கற்றைகளின் செறிவு விகிதம்தான் அதைத் தீர்மானிக்கிறது. செறிவைக் கூட்டினால் அதே முடிவை விரைவாக அடைவீர்கள். கெர் விளைவில் பழகியவருக்கு இது மனத்தில் படியச் சற்று நாளாகும். கணக்காகப் பார்க்க விரும்பினால், 1970-களின் இறுதியில் குக்தரேவ் முதலியோர் தொகுத்த சமன்பாடுகள் இன்றும் இத்துறையின் அரிச்சுவடி.

படி 3: படிகத்தைத் தேர்ந்தெடுங்கள்

இரும்பு கலந்த லித்தியம் நையோபேட்டில் தொடங்குவதே புத்திசாலித்தனம். உறுதியானது, எளிதில் கிடைக்கக்கூடியது. பதிந்த கீற்றணியை இருட்டில் மாதக் கணக்கில் வைத்திருக்கும். மெதுவானது என்பதுகூடப் பயிற்சிக்கு வசதிதான். மாற்றத்தைக் கண்ணால் பின்தொடரலாம். ஒளிமின்னோட்டம் இதில் ஓங்கியிருப்பதால் கற்றைகளுக்கு இடையிலான ஆற்றல் பரிமாற்றத்துக்கு இது நல்ல உதாரணம் ஆகாது. விளிம்பு விளைவை, அதாவது கீற்றணி எவ்வளவு ஒளியை வளைக்கிறது என்பதை, அளக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

பேரியம் டைட்டனேட் ஆற்றல் பரிமாற்றத்தில் அசத்தும், ஆனால் செல்லப்பிள்ளை. 120 பாகை செல்சியஸைத் தாண்டினால் அதன் மின்முனைவு போய்விடும். குளிரில் 5 பாகையை ஒட்டி வேறொரு கட்ட மாற்றம் நிகழ்ந்து படிகம் பாழாகலாம், விரிசல்கூட விடலாம். குளிர்காலத்தில் அஞ்சலில் அனுப்பக்கூடாத பொருள் இது. வேகம் வேண்டுமானால் பிஸ்மத் சிலிக்கான் ஆக்சைடும், அதைவிட விரைவாகக் காலியம் ஆர்சனைடு போன்ற குறைக்கடத்திகளும் உண்டு; அவற்றில் பாக்கெல்ஸ் குணகம் மிகச் சிறியது. வேகமும் வலிமையும் ஒரே படிகத்தில் தாராளமாக அமைவதில்லை. தன் பொருளில் இரண்டும் உண்டு என்று ஒருவர் எழுதினால், எந்த அலைநீளத்தில், எத்தனை வோல்ட் கொடுத்து என்று பாருங்கள்.

படி 4: மேசையில் முதல் கீற்றணியைப் பதியுங்கள்

முதலில் கண் பாதுகாப்பு. லித்தியம் நையோபேட்டின் ஒளிவிலகல் எண் 2.2-க்கு மேல் என்பதால், பூச்சு இல்லாத படிகத்தின் ஒவ்வொரு முகமும் ஒளியில் ஏறக்குறைய 14 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். 50 மில்லிவாட் கற்றை என்றால் முதல் முகத்திலிருந்தே 7 மில்லிவாட் எங்கோ ஒரு திசையில் பாய்கிறது. கண்ணுக்கு அது ஆபத்து. படிகத்தை வைத்ததும் அந்தத் தெறிப்பு எங்கே போகிறது என்று தேடி அடைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. அந்த அலைநீளத்துக்கு உரிய கண்ணாடியையும் அணியுங்கள்.

532 நானோமீட்டர் பச்சை லேசரின் கற்றையை இரண்டாகப் பிரியுங்கள். விலை குறைந்த பச்சை லேசர்களின் ஓரியல் நீளம் குறைவு. அதனால் இரு கற்றைகளும் கடக்கும் பாதைகள் சில மில்லிமீட்டருக்குள் சமமாக இருக்கட்டும். நூல் பிடித்து அளந்தாலே போதும். படிகத்தின் ஒளியச்சு இரு கற்றைகளும் அமையும் தளத்திலேயே, பட்டைகளுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். இரு கற்றைகளின் தளவிளைவும் அதே தளத்தில் இருக்கட்டும். அப்போதுதான் பெரிய பாக்கெல்ஸ் குணகம் வேலைக்கு வரும்.

கற்றைகளுக்கு இடையில் 20 பாகைக் கோணம் வைத்தால் பட்டை இடைவெளி ஏறத்தாழ 1.5 மைக்ரான். இந்த எண்ணை மேசையில் எழுதி ஒட்டிவைக்கலாம். ஏதாவது ஒரு ஆடி அசைந்து அரை அலைநீளம், அதாவது ஏறக்குறைய கால் மைக்ரான், பாதை வித்தியாசம் வந்தாலே பட்டைகள் பாதி இடைவெளி நகர்ந்துவிடும்; ஆகவே பதிவு முடியும்வரை எதுவும் அசையக்கூடாது. ஒளிப் பாதையை அட்டைப் பெட்டியால் மூடுங்கள், குளிர்சாதனக் காற்றை நிறுத்துங்கள், மேசையில் முழங்கையை ஊன்றாதீர்கள். நொடியில் பதியும் பொருளில் நடுக்கம் பெரிதாகத் தெரியாது. நிமிடக் கணக்கில் பதியும் பொருளில் நடுக்கம் பதிவையே அழித்துவிடும். நேரத்தை முதலில் கேளுங்கள் என்பதற்கு ஆய்வுமேசை தரும் காரணம் இது.

சில நிமிடங்கள் காத்திருங்கள். பிறகு ஒரு கற்றையை மட்டும் அட்டையால் மறையுங்கள். மறைத்த கற்றை படிகத்தைக் கடந்து எங்கே விழுந்துகொண்டிருந்ததோ, அங்கே ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். கற்றை இல்லை, ஆனால் புள்ளி இருக்கும். மறைக்காத கற்றையைப் படிகத்தில் பதிந்த கீற்றணி அங்கே வளைத்து அனுப்புகிறது. தாளைப் பிடித்துக்கொண்டே நில்லுங்கள்: புள்ளி மெல்ல மங்கும். படிக்கும் கற்றையே எலக்ட்ரான்களை மறுபடி கிளப்பி, பதிவைச் சமன்செய்து அழிக்கிறது. ஹோலோகிராம் நினைவகம் என்ற பெருங்கனவைப் பல ஆண்டுகள் அலைக்கழித்த சிக்கல் முழுவதும் அந்த மங்கலில் இருக்கிறது. 1971-லேயே, படிகத்தைச் சூடாக்கி அயனிகளை நகரவிட்டுப் பதிவை நிலைப்படுத்தும் வழி வந்தது. 1998-இல் மாங்கனீசும் இரும்பும் சேர்த்துக் கலந்த படிகத்தில், புற ஊதா ஒளி கூட இருந்தால்தான் பதிவாகும், சிவப்பு ஒளியில் மட்டும் படித்தால் அழியாது என்று புசே, அதிபி, சால்டிஸ் ஆகியோர் காட்டினார்கள். அழகான தீர்வுதான், ஆனாலும் அதை நம்பிச் சந்தைக்கு வந்து நிலைத்த நினைவகம் எதுவும் இல்லை.

இனி அளவீடு. வளைந்த ஒளியின் திறனை, வளைந்ததும் நேரே போனதும் சேர்ந்த மொத்தத்தால் வகுங்கள். 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள படிகத்தில் ஒளிவிலகல் எண் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு மாறியிருந்தால் 8 விழுக்காட்டுக்குச் சற்று மேலே வரும். லட்சத்தில் ஐந்து பங்கு என்றால் ஏறக்குறைய முழு ஒளியும் வளைந்துவிடும். தடிமன் எவ்வளவு பெரிய துணை என்பது இதில் தெரியும்.

பிறகு இரு கற்றைகளையும் ஒரே அளவில் பாதியாக மங்கச் செய்து பதிவைத் திரும்பச் செய்யுங்கள். வளர்ச்சி ஆகும் நேரம் இரட்டிக்க வேண்டும், இறுதி அளவு அநேகமாக மாறக்கூடாது. இந்த இரண்டு வளைகோடுகளையும் சொந்தக் கையால் வரைந்தவருக்கு ஃபோட்டோரிஃப்ராக்டிவ் விளைவு புரிந்துவிட்டது என்று தாராளமாகச் சொல்வேன். வெப்பத்தால் வந்த கீற்றணியோ என்ற சந்தேகத்துக்கும் ஒரு சோதனை உண்டு. படிக்கும் கற்றையின் தளவிளைவை மட்டும் 90 பாகை திருப்புங்கள். பாக்கெல்ஸ் குணகம் மூன்றில் ஒரு பங்காகக் குறைவதால், சிறிய பதிவுகளில் வளையும் ஒளி பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சரியும்.

பதிவை அழிக்கச் சீரான வெள்ளொளி போதும், நேரம்தான் ஆகும். விரைவாக வேண்டுமென்றால் சூடாக்கலாம். ஆனால் மெதுவாக! லித்தியம் நையோபேட் வெப்பநிலை மாறினாலே முகங்களில் மின்னூட்டத்தைச் சேர்க்கும். அவசரப்பட்டால் பொறி பறக்கும், படிகமும் உடையும். அதே காரணத்தால் தூசியையும் இழுத்து ஒட்டிக்கொள்ளும்.

படி 5: அதிர்வெண் இரட்டிப்பு உங்கள் வேலை என்றால்

இதில் கட்டப் பொருத்தம் ஒன்றுதான் தலைவலி. அடிப்படை அலையும் இரட்டித்த அலையும் வெவ்வேறு வேகத்தில் போவதால், பிறந்த ஒளி சில மைக்ரான் தூரத்துக்குள் தன்னையே அழித்துக்கொள்ளும். படிகத்தின் மின்முனைவை இடையிடையே தலைகீழாகத் திருப்பி இதைச் சரிசெய்யலாம் என்ற யோசனை 1962-இலேயே வந்துவிட்டது. அதை நம்பகமாகச் செய்யும் கைத்திறன் 1990-களில்தான் வாய்த்தது. 1064 நானோமீட்டரை 532 ஆக்க, லித்தியம் நையோபேட்டில் இந்தத் திருப்பம் ஏறக்குறைய 7 மைக்ரானுக்கு ஒருமுறை திரும்ப வர வேண்டும்.

இங்கேயும் பழைய தொல்லை வந்து நிற்கும். பச்சை ஒளி பிறந்ததும் படிகத்துக்குள் மின்னூட்டத்தை நகர்த்தத் தொடங்கிவிடும். கற்றை உருக்குலையும், கட்டப் பொருத்தம் நழுவும். மெக்னீசியம் ஆக்சைடு 5 மோல் விழுக்காடு கலந்த படிகத்தை வாங்குங்கள், அடுப்பில் வைத்து வெப்பநிலையைக் கட்டுப்படுத்துங்கள். காலையில் நன்றாக இருந்த வெளியீடு அரை மணி நேரத்தில் சரிந்தால் லேசரைக் குறைசொல்லும் முன் கற்றையின் வடிவத்தைப் பாருங்கள். ஒளியச்சின் திசையில் அது நீண்டிருந்தால் திருடன் அகப்பட்டான்.

படி 6: புதிய கட்டுரைகளைப் படிக்கும் முறை

அண்மைய முன்னேற்றங்களில் பெரும்பங்கு மென்படல லித்தியம் நையோபேட்டைச் சுற்றி நடக்கிறது. சில நூறு நானோமீட்டர் தடிமனுள்ள படலத்தில் அலைவழிகளைச் செதுக்குகிறார்கள். ஒளி மிகச் சிறிய இடத்தில் அடைபடுவதால் குறைந்த மின்னழுத்தமே போதுமாகிறது. 2018-இல் ஹார்வர்டு குழு 1.4 வோல்ட்டில் இயங்கும் மாடுலேட்டரை (மின் குறிகையை ஒளியில் ஏற்றும் கருவி) காட்டியது. செறிவு கூடிய அதே இடத்தில் ஃபோட்டோரிஃப்ராக்டிவ் விளைவும் விரைவாக வரும். வளைய ஒத்ததிர்வியில் (குறிப்பிட்ட அலைநீள ஒளி மட்டும் சுற்றிச் சுற்றி வலுப்பெறும் வளைய அலைவழி) வெப்பம் ஒத்ததிர்வை நீண்ட அலைநீளத்துக்குத் தள்ளும், ஃபோட்டோரிஃப்ராக்டிவ் விளைவு குறுகிய அலைநீளத்துக்குத் தள்ளும். லேசரை மெதுவாகவும் வேகமாகவும் மாற்றி வருடிப் பார்த்தால் இரண்டும் பிரிந்து தெரியும், ஏனென்றால் அவற்றின் காலம் வேறு.

இந்தத் தொல்லையை ஒழிக்க மேலுறையாக இருக்கும் ஆக்சைடை நீக்குவது போன்ற வழிகள் வந்திருக்கின்றன. எனக்கு அதைவிடப் பிடித்தது 2019-இல் ரோசெஸ்டர் பல்கலைக்கழகக் குழு செய்தது. சொலிட்டான் துடிப்புகளால் (வடிவம் குலையாமல் ஓடும் ஒளித் துடிப்புகள்) அமையும் அதிர்வெண் சீப்பை (சம இடைவெளியில் அமைந்த அதிர்வெண்களின் வரிசை) உருவாக்கும்போது வழக்கமாக வெப்பம் குறுக்கே நின்று நிலைகுலையச் செய்யும். இவர்கள் எதிர்த்திசையில் தள்ளும் ஃபோட்டோரிஃப்ராக்டிவ் விளைவைத் துணைக்கு வைத்துக்கொண்டு, சொலிட்டான்கள் தாமாகவே தொடங்கும்படி செய்தார்கள். லித்தியம் டான்டலேட் படலங்களும் 2024 முதல் இதே களத்தில் போட்டியிடுகின்றன.

பாலிமர்களின் கதை வேறு. 1991-இல் ஐபிஎம் ஆய்வகத்தில் முதல் ஃபோட்டோரிஃப்ராக்டிவ் பாலிமர் வந்தது. 2008-இல் அரிசோனா பல்கலைக்கழகத்தில் அழித்து எழுதக்கூடிய முப்பரிமாணக் காட்சித் திரையாக வளர்ந்தது. அப்போது ஒரு படத்தை எழுத நிமிடங்கள் ஆயின. 2010-இல் அது 2 நொடியானது. பெரிய பரப்பில் மலிவாக வார்க்கலாம் என்பது இவற்றின் பலம், சில ஆயிரம் வோல்ட் கொடுக்க வேண்டும் என்பது பலவீனம்.

எதிர்முனையில், 2016-இல் ஒட்டாவா குழு இண்டியம் வெள்ளீய ஆக்சைடுப் படலத்தில் ஒளிவிலகல் எண்ணை 0.72 அளவுக்கு மாற்றிக் காட்டியது. நம் படிகத்தின் லட்சத்தில் ஐந்து பங்கோடு ஒப்பிட்டால் மலைப்பாக இருக்கும். தடிமனால் பெருக்கிப் பாருங்கள். படலம் 310 நானோமீட்டர். ஒளிப்பாதையில் வரும் மாற்றம் ஏறக்குறைய 223 நானோமீட்டர். நம் 5 மில்லிமீட்டர் படிகத்தில் அது 250. இரண்டும் ஒரே தரம்தான்! வேறுபாடு காலத்தில் இருக்கிறது: அங்கே ஒரு பிக்கோநொடிக்கும் குறைவு, இங்கே நிமிடங்கள். ஆகவே எந்தக் கட்டுரையிலும் எண் மாற்றம், தடிமன், காலம் ஆகிய மூன்றையும் ஒரே வரியில் எழுதிக்கொள்ளுங்கள். உட்கவர்தலால் எவ்வளவு ஒளி இழக்கப்படுகிறது என்பதையும் ஓரத்தில் குறியுங்கள். சுருக்கவுரையில் இந்த நான்கில் எது விடுபட்டிருக்கிறதோ, பலவீனம் பெரும்பாலும் அங்கேதான்.

படி 7: ஆய்வகம் இல்லாதவர்களுக்கு

கணினி போதும். குக்தரேவ் சமன்பாடுகளை ஒரு பரிமாணத்தில், ஒரே ஒரு பட்டை இடைவெளிக்கு மட்டும் தீர்க்கும் நிரலை எழுதுங்கள். முதலில் வெளிப்புலத்தையும் ஒளிமின்னோட்டத்தையும் பூச்சியமாக வையுங்கள். பட்டைகளின் வேறுபாட்டையும் சிறிதாக வையுங்கள். மின்புலம் சைன் வடிவில் வந்து, ஒளிப் பட்டையிலிருந்து கால் பட்டை தள்ளி நின்றால் நிரல் சரி. அங்கே நிற்காவிட்டால் எல்லை நிபந்தனையில்தான் முதலில் தேட வேண்டும். இரு முனைகளும் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும் என்பது எளிதில் மறந்துபோகும். அடுத்துச் செறிவைப் பத்து மடங்காக்கி, இறுதிப் புலம் அசைகிறதா என்று சோதியுங்கள். அதன்பின் ஒளிமின்னோட்டத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால், தள்ளி நின்ற கீற்றணி பட்டைகளை நோக்கி நகர்ந்து வருவது திரையில் தெரியும்.